கூமாப்பட்டித் தொட்டில்கள்

"எங்க ஊரைப் பிள்ளை தங்காத ஊருன்னு எழுதினது யாரு?"

ஸ்ரீவில்லிபுத்தூரில், சிசு மரண விசாரணைக்கென்று சர்க்கார் வாடகைக்குப் பிடித்திருந்த வீட்டின் வாசலில் நின்றுகொண்டு கூமாப்பட்டிக் கருத்தம்மா கேட்டாள். உள்ளே இருந்தவர்களைத்தான் கேட்டாள். ஆனால் எதிர் வரிசைக் கடைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஹெல்த் இன்ஸ்பெக்டர் குருசாமி பத்திரிகையைச் சற்று உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். அமிர்தவல்லி எழுந்து நின்றாள். அந்தக் கணக்கை எழுதியது அவள்தான்.

அமிர்தவல்லி அந்த ஊர் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் ராபர்ட்டின் மகள். சென்னையில் கணிதம் படித்து பி.ஏ. வாங்கியவள். அதோடு நிற்காமல், புள்ளிவிவரம் என்ற புதுப் படிப்பிலும் ஆறு மாதம் பயிற்சி எடுத்துக்கொண்டு திரும்பியிருந்தாள். அந்தப் படிப்பு எதற்கு ஆகும் என்று ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. ராபர்ட் வாத்தியாரே, கேட்பவர்களிடம் "கணக்குதான், ஆனா பெரிய கணக்கு" என்று சொல்லிச் சமாளித்து வந்தார். அது 1938. தாலுகாவில் எந்த ஊரில் பச்சைப் பிள்ளைகள் அதிகமாகச் சாகின்றன என்று கண்டுபிடித்து, அந்த ஊருக்கு ஒரு நர்ஸைப் போட வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்திருந்தது. இருப்பதோ ஒரே ஒரு நர்ஸ். எந்த ஊர் என்று சொல்ல வேண்டிய தற்காலிக உத்தியோகம் அமிர்தவல்லிக்குக் கிடைத்தது.

அவள் வருவதற்கு முன்னால் குருசாமியின் முறை சுலபமானது. எந்த ஊரில் அதிகச் சாவோ அது மோசமான ஊர். அப்படிப் பார்த்தால் எப்போதும் பெரிய ஊர்தான் மோசமாக இருக்கும். அமிர்தவல்லி வந்து, "பிறந்தது எத்தனைன்னு பார்த்து வகுக்கணும் சார்" என்றாள். தாலுகாவின் கிராம முன்சீப்கள் எழுதி அனுப்பிய பிறப்புகளையும் இறப்புகளையும் ஊர் ஊராகப் பிரித்து வகுத்தாள். மலையடிவாரத்துக் கூமாப்பட்டி உச்சியில் போய் நின்றது. அங்கே பிறக்கிற பிள்ளைகளில் ஏறக்குறைய பாதி, ஒரு வயதுக்குள் போய்விடுகின்றன. ராஜபாளையத்துக்குத் தெற்கே இருக்கும் தேவதானம் கடைசியில் நின்றது. அங்கே நூற்றுக்கு ஏழோ எட்டோதான். மூன்று தடவை போட்டுப் பார்த்தாள், வகுத்தலில் பிழை இல்லை. அவளுக்கு வருத்தமாக இருந்தது. யாருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷமும் இருந்தது.

குருசாமிக்கு வருத்தமெல்லாம் இல்லை, குஷிதான். கூமாப்பட்டிச் சாவடியில், 'இத்தாலுகாவில் சிசு மரணம் மிக அதிகமான கிராமம் இது. சுத்தம் பேணுக' என்று பலகை எழுதி அடித்துவிட்டார். வெட்கப்பட்டால் ஜனங்கள் தெருவைக் கூட்டுவார்கள் என்பது அவர் நினைப்பு. அப்போது புரட்டாசி மாதம். சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய திருவண்ணாமலைப் பெருமாள் மலையில் தாலுகாவே ஏறி இறங்கியது. பலகைச் செய்தியும் அவர்களோடு ஏறி இறங்கி, திசைக்கொன்றாகப் பிரிந்து போனது.

"ஏழாம் மாசம் வளையல் போட்டு மகளைக் கூட்டிட்டு வரப் போனேன் தாயி" என்றாள் கருத்தம்மா. கோபத்தின் பாதி அதற்குள் அழுகையாகியிருந்தது. "வண்டி கட்டி, ராசபாளையத்துல ஒரு ராத்திரி தங்கி, தேவதானம் போனேன். வளையலைப் போட்டுக்கிட்டாவ. ஆக்கிக் கொண்டு போன சோத்தையும் தின்னுட்டாவ. பொண்ணை மட்டும் அனுப்ப மாட்டேனுட்டா சம்பந்தி. 'ஒங்க ஊர்ல பிறந்தா பாதி செத்துப்போகுமாம்லா, சர்க்காரே எழுதி அடிச்சிருக்காம்லா'ங்கா. வெறும் வண்டியோட வந்து இறங்கினேன். ஊரே பார்த்துச்சு."

மகள் பெயர் நாச்சியார். தலைப்பிரசவம். மருமகன் சுந்தரபாண்டியன் மதுரையில் போலீஸ்காரன். லீவு கிடைத்தால் வருவான், கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை. வீட்டில் மாமியார் அங்காளம்மாள் வைத்ததுதான் சட்டம்.

"தலைப்பிள்ளையை ஆத்தாகிட்ட இல்லாம வேற யார்கிட்டப் போய்ப் பெப்பா? பயந்து சாவுதா எம்புள்ள."

"கணக்குல பிழை இல்லம்மா. மூணு தடவை பார்த்தேன்" என்றாள் அமிர்தவல்லி.

"நீ எங்க ஊருக்கு வந்து பார்த்தியா?"

பார்க்கவில்லை. மறுநாள் காலை வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறிக் கூமாப்பட்டிக்குப் போனாள்.

சாவாகவே இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவளுக்கு அங்கே தெருவெல்லாம் தொட்டிலாக இருந்தது. உத்திரத்தில் தொட்டில், வேப்பமரத்தில் தொட்டில், மாட்டுக் கொட்டத்து விட்டத்தில் கூடத் தொட்டில். யார் பிள்ளை என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில், மகள் பிள்ளை. ராஜபாளையத்தில் கட்டிக் கொடுத்தவள், சேத்தூரில் கட்டிக் கொடுத்தவள், பிள்ளை பெற வந்தவள், பெற்றுவிட்டு இன்னும் போகாதவள். அந்த ஊர் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் பட்டாளத்திலும் போலீஸிலும் இருந்தார்கள். பெண்டாட்டிகளையும் அங்கே சர்க்கார் கொடுத்த லைன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஊருக்கு வந்த மருமகள்கள் கொஞ்சம், வந்து போகிற மகள்களே அதிகம். இரண்டு தெரு முடிவதற்குள் அவள் பார்த்த தொட்டில்கள், முன்சீப் அந்த வருஷம் முழுக்க எழுதி அனுப்பிய பிறப்புகளை எட்டிவிட்டன.

முன்சீப் வேலுசாமி ஊரில் இல்லை, வரிப் பணம் கட்ட டவுனுக்குப் போயிருந்தார். சோம்பேறி மனுஷன், பிறப்புகளை எழுதாமல் விட்டிருக்கிறார் என்று அமிர்தவல்லி தீர்மானித்துக்கொண்டாள். படித்தவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம், தப்பு எப்போதும் எழுதாதவன் மேல்தான் இருக்கும்.

அந்தத் தைரியத்தோடு அந்த வாரமே கருத்தம்மாவையும் கூட்டிக்கொண்டு தேவதானத்துக்குப் போனாள். அங்காளம்மாள் முற்றத்தில் மிளகாய் வற்றலைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஆபீஸ் பெண் என்று தெரிந்ததும் மணை எடுத்துப் போட்டாள், மோர் கொடுத்தாள். ஆனால் முகத்தைக் கொடுக்கவில்லை. கருத்தம்மா வாசற்படிக்கு இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று வேலியோரம் நின்றுகொண்டாள். நாச்சியார் கதவிடுக்கு வழியாக அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூமாப்பட்டி முன்சீப் பிறப்பை ஒழுங்கா எழுதலைன்னு நினைக்கேன். அதனால அந்தக் கணக்கை நம்பி..." என்று அமிர்தவல்லி தொடங்கினாள்.

"எழுதலைன்னா கேக்க மாட்டாவளாக்கும்?" என்றாள் அங்காளம்மாள். "எங்க முன்சீப் எழுதாம இருந்தா நாங்க சும்மா விடுவமா? அந்தா ஓடுதானே, எம் மூத்த மகன் பிள்ளை, அவன் பிறந்தது அவன் அம்மாச்சி ஊர்ல. சேதி வந்த அன்னைக்கே எம் மகன் போய் எழுதி வச்சுட்டுத்தான் சோத்துல கை வச்சான்."

"எங்க போய் எழுதினாங்க?"

"எங்கயா? இங்கதான், எங்க முன்சீப்கிட்ட. எங்க வீட்டுப் பேரனை வேற ஊர்க்காரன் எதுக்கு எழுதணும்? நாளைக்குப் பட்டா, பாகம்னு வந்தா எந்த ஊர்ப் பிள்ளைன்னு கேக்க மாட்டான்?"

அமிர்தவல்லி மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "அவனுக்கு முந்தி ஏதும் பிள்ளை உண்டாம்மா?"

அங்காளம்மாளின் கை மிளகாய் மேலேயே நின்றுவிட்டது. "ஒண்ணு இருந்துச்சு. பொட்டப்பிள்ளை. ஒரு வாரம் கூட இருக்கல. அங்கனயே வச்சுட்டு வந்துட்டாவ."

"அது செத்ததை இங்க எழுதினீங்களா?"

"குழி அங்கல்ல இருக்கு. அந்த ஊர்த் தலையாரி சொல்லி எழுதியிருப்பாவ."

"பிறந்ததை?"

"நிலைக்காத பிள்ளையை யாரு தாயி பிறந்துச்சுன்னு போய்ச் சொல்லுவா?"

அமிர்தவல்லி மணையிலிருந்து இறங்கி வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேலுசாமி சோம்பேறி இல்லை. யாருமே சோம்பேறி இல்லை. பிள்ளை பிழைத்தால் தகப்பன் ஊரில் பிறப்பு எழுதுகிறார்கள். செத்தால் தாய் பிறந்த ஊரில் இறப்பு எழுதுகிறார்கள். தேவதானத்துப் பிள்ளைகளின் உயிர் தேவதானத்துக் கணக்கில், சாவு மட்டும் யாரோ ஒருவர் ஊர்க் கணக்கில். கூமாப்பட்டியோ ஊர் ஊராய்க் கொடுத்த மகள்களின் துக்கத்தையெல்லாம் வாங்கி எழுதிக்கொண்டு, அவர்கள் பெற்ற சந்தோஷத்தை வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இவள் அந்தச் சாவுகளை எடுத்து, ஊரில் மிஞ்சிய சொற்பப் பிறப்பால் வகுத்திருக்கிறாள். விருந்துக்கு வந்தவர்கள் சாப்பிட்ட சோற்றையெல்லாம் வீட்டுக்காரர் தலையில் எழுதி, இந்த வீட்டில் பெருந்தீனிக்காரர்கள் என்று பலகை மாட்டிய மாதிரி.

விஷயத்தை இரண்டு பெண்களுக்கும் விளங்கச் சொன்னாள். கருத்தம்மா வேலியை விட்டு ஓடி வந்தாள்.

"அப்ப எங்க ஊரு நல்ல ஊருன்னு சொல்லு! மதினிகிட்டச் சொல்லு தாயி!"

"சொல்ல முடியாதும்மா. இருக்கிற கணக்கு தப்புன்னுதான் தெரியும். சரியான கணக்கு இன்னும் தெரியாது. வீடு வீடா கேட்டு எண்ணினாத்தான் சொல்லுவேன்."

கருத்தம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அங்காளம்மாள் முதல் தடவையாக அமிர்தவல்லியை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி, எண்ணிட்டு வா. கார்த்திகை பிறக்கதுக்குள்ள வந்துரு. அதுக்கு மேல மாசம் ஏறிரும், இவளை வண்டியில ஏத்த மாட்டேன். நீ சொன்னாலும் மாட்டேன்."

ஆபீசுக்கு வந்து சொன்னதும் குருசாமி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பெற்ற தகப்பன் மாதிரி பேசினார். "ஏம்மா, நம்ம ரிப்போர்ட் மேல போயாச்சு. கூமாப்பட்டிக்கு நர்ஸும் சாங்ஷன் ஆயாச்சு. இப்பப் போய் அது அப்படி ஒண்ணும் மோசமான ஊர் இல்லைன்னு எழுதினா நர்ஸ் வேற ஊருக்குப் போயிருவா. உன் வேலையும் மார்கழியோட போயிரும். தப்பான கணக்குல ஒரு நல்லது நடந்திருக்கு, அதை ஏன் கெடுக்கே?"

அமிர்தவல்லிக்குப் பயமாகத்தான் இருந்தது. வேலை போனால் வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் 'பெரிய கணக்கு' என்று சொல்லி வந்த அப்பா இனி ஊரில் என்ன சொல்வார்? குருசாமி சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. நர்ஸ் வேண்டும்தான். அதற்காக ஒரு பெண் கதவிடுக்கில் நின்று அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா? மிச்சமிருந்த ஐப்பசி முழுக்க, காலை ஆபீஸ் வேலையை முடித்துவிட்டுப் பிற்பகலில் பஸ் பிடித்தாள்.

வீடு வீடாகப் போய்த் தாய்மாரைத்தான் கேட்டாள். போன ஒரு வருஷத்தில் பெற்றது எங்கே, இருக்கிறதா, இல்லையென்றால் எத்தனை நாள் இருந்தது. கூமாப்பட்டியில் கருத்தம்மா கூடவே வந்தாள். தொட்டில் ஆடுகிற வீட்டுக்கெல்லாம் இவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். சில வீடுகள் வந்ததும், "அங்க வேண்டாம் தாயி, வெயிலா இருக்கு, செத்த நேரம் உக்காந்துட்டுப் போவோம்" என்பாள். அவை பிள்ளை செத்த வீடுகள், அங்கேதான் முதலில் போக வேண்டும் என்று அமிர்தவல்லிக்கு இரண்டாவது நாளே புரிந்துவிட்டது.

"எங்க ஊருக்கு நல்லது பண்ண வந்தியா, கெடுதல் பண்ண வந்தியா?" என்று கருத்தம்மா சண்டை பிடித்தாள்.

"எண்ண வந்தேன்" என்றாள் அமிர்தவல்லி. கருத்தம்மா அவளை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் அவளே அந்த வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

தேவதானத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. வெளியூரில் புதைத்துவிட்டு வந்த பிள்ளையைப் பற்றி ஆபீஸ் பெண்ணிடம் எதற்குப் பேச வேண்டும்? அங்காளம்மாள் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாவது நாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே தெருவில் இறங்கினாள். "ஏட்டி, இந்தப் பொண்ணு கேக்குதுல்லா, சொல்லு. எம் மூத்த மருமக பெத்ததை நானே சொல்லிட்டேன்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். அதற்கப்புறம் அவர்கள் சொன்னார்கள். சிலர் சொல்லிக்கொண்டே அழுதார்கள். அந்தப் பிள்ளைகளைப் பற்றி அதுவரை ஒருவரும் அவர்களிடம் கேட்டதில்லை. அமிர்தவல்லியும் இரண்டொரு வீட்டில் சேர்ந்து அழுதாள். பயிற்சியில் அப்படிச் செய்யச் சொல்லித் தரவில்லை.

கார்த்திகைக்கு நாலைந்து நாள் இருக்கும்போது கணக்கு முடிந்தது. பெற்றவள் எந்த ஊர்க்காரி என்று பார்க்காமல், பிள்ளை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊரிலேயே பிறப்பையும் இறப்பையும் சேர்த்து வைத்து எண்ணினாள். தேவதானத்து மருமகள்கள் வெளியூரில் பெற்றதைத் தனியாக எண்ணினாள். எப்படிப் போட்டாலும் நூற்றுக்குப் பதினேழு. கூமாப்பட்டியும் பதினேழு, தேவதானத்துப் பிள்ளைகளும் பதினேழு. இன்னொன்றும் தெரிந்தது. கூமாப்பட்டியில் நடக்கிற பிரசவம், முன்சீப் எழுதியதைப் போல மூன்று மடங்கு. செத்த பிள்ளைகளில் பெரும்பாலானவை முதல் பத்து நாளைத் தாண்டவில்லை.

அதைக் குருசாமியிடம் கொண்டுபோய் வைத்தாள். "ஊர் மோசம்னு நர்ஸ் கேட்க வேண்டாம் சார். பிள்ளை பிறக்கிற ஊர்னு கேளுங்க. நான் பார்த்த வரைக்கும் இந்தத் தாலுகாவில ஒரு நர்ஸ் கைக்கு இம்புட்டுப் பிரசவம் வர்ற கிராமம் வேற கிடையாது. பிள்ளை போறது முதல் பத்து நாள்ல. நர்ஸ் இருக்க வேண்டியதும் அப்பத்தான்."

குருசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன" என்று முணுமுணுத்தார். சாயங்காலத்துக்குள் அது அவருடைய யோசனையாகிவிட்டது, அவர் பெயரிலேயே மேலே போயிற்று. அமிர்தவல்லிக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், சாவடிப் பலகையைக் கழற்ற அவர் ஆள் அனுப்பவில்லை. தானே போய், ஊர் பார்க்க, ஆணியைப் பிடுங்கினார். மூன்றாம் நாளே நர்ஸ் ஏசம்மாள் பெட்டி படுக்கையோடு கூமாப்பட்டியில் வந்து இறங்கினாள்.

அமிர்தவல்லி கருத்தம்மாவோடு தேவதானம் போய், பதினேழையும் முதல் பத்து நாள் விஷயத்தையும் சொன்னாள். அங்காளம்மாள் பதினேழு என்ற எண்ணை நம்பாதவள் போலத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"அப்ப எங்க வச்சுப் பெத்தாலும் ஒண்ணுதானா?"

"இதுவரைக்கும் ஒண்ணுதாம்மா."

"நர்ஸ் வந்துட்டாளே, இனி குறையுமா?"

"குறையும்னு நினைக்கேன். சத்தியம் பண்ண முடியாது. ஒரு வருஷம் எண்ணிப் பார்த்தாத்தான் தெரியும்."

கருத்தம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இந்தப் பெண்ணுக்கு ஒரு பொய் கூட ஒழுங்காக வராதா என்று அவளுக்கு இருந்தது.

"சத்தியம் பண்ணியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்" என்றாள் அங்காளம்மாள். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏட்டி நாச்சியா, துணிமணியை எடுத்து வை. எனக்கும் ரெண்டு சேலை எடுத்து வை."

"ஒங்களுக்கு எதுக்கு மதினி?" என்றாள் கருத்தம்மா.

"நானும் வாரேன். பத்து நாளைக்கு மேல இருந்தா பிழைச்சுக்கிடும்னு இந்தப் பொண்ணு சொல்லுதுல்லா? அந்தப் பத்து நா நான் கூட இருக்கணும். ஒன் வீட்டுல ஒரு மூலை இல்லையாக்கும்?"

சம்பந்தி வீட்டில் சம்பந்தி ஒரு வேளை கை நனைப்பதே பெரிய விஷயம். பிரசவம் முடிகிற வரை தங்குவது அந்தப் பக்கத்தில் கேள்விப்படாதது. கருத்தம்மாவுக்குத் தலை சுற்றியது. மகள் வருகிற சந்தோஷத்தில் பாதியை, அங்காளம்மாளுக்கு எதை ஆக்கிப் போடுவது என்ற கவலை தின்றுவிட்டது. வண்டி ராஜபாளையம் தாண்டுவதற்குள் இரண்டு பேரும் உப்பைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள். நாச்சியார் நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தாள்.

மார்கழியில் ஒரு முற்பகலில் நாச்சியாருக்குப் பிள்ளை பிறந்தது. ஏசம்மாள் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, கொதிக்க வைத்த கத்தரிக்கோலால் கொடியை வெட்டினாள். ஆண் பிள்ளை. முதல் பத்து நாளும் அங்காளம்மாள் தொட்டிலை விட்டு நகரவில்லை. தொட வருகிறவர்களையெல்லாம், ஏசம்மாள் கூடச் சொல்லாத கண்டிப்போடு, கையைக் கழுவச் சொன்னாள். பிள்ளை பால் குடித்தது, அழுதது, கனத்தது.

பதினோராம் நாள் அங்காளம்மாள் சாவடிக்குப் போனாள். அமிர்தவல்லியும் அன்று அங்கே இருந்தாள். அவள் வேலையை இன்னும் ஆறு மாதத்துக்கு நீட்டியிருந்தார்கள். பிறந்த ஊரிலேயே பிறப்பை எழுத வேண்டும் என்று முன்சீப் வேலுசாமிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் மசியவில்லை.

"அது எப்படிம்மா, வெளியூர்ப் பிள்ளையை நான் எழுத? நாளைக்குத் தகப்பன் வீட்டுக்காரன் வந்து எங்க பிள்ளையை ஒன் ஊர்ல எப்படி எழுதலாம்னு கேட்டா யாரு பதில் சொல்ல?"

"நான்தான் தகப்பன் வீடு" என்றாள் அங்காளம்மாள் வாசலிலிருந்து. வேலுசாமி எழுந்தே நின்றுவிட்டார். "எம் பேரன் இங்க பிறந்தான், இங்க மூச்சு விடுதான். இந்த ஊருக்கு அவன் பேரைச் சொல்லிக்கிட இன்னைக்கு ஒரு நியாயம் இருக்கு. எழுதுங்க."

அமிர்தவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாலுகா ஆபீஸ் பெண் சாவடியில் நின்று அழுதாள் என்று பேச்சு வரும். வரட்டும் என்று நினைத்தாள். வேலுசாமி மைக்கூட்டைத் திறந்து, பேனாவை நனைத்து, பிள்ளையின் தகப்பன் பெயரைக் கேட்டார்.

அங்காளம்மாள் சொன்னாள். பிறகு, "தாய் பேரையும் போட்டுக்கிடுங்க, பெத்தவ அவதான்" என்றாள்.